சி.எஸ். வெறும் கையெழுத்துப் போட்டவரா?

கேள்வி
பிப்ரவரி 9, 2024, இரவு 9.10

எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு பாரத ரத்னா அறிவித்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் பசுமைப் புரட்சிக்கு இன்னொரு தமிழரும் காரணம், அன்றைய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் (சி.எஸ்.), அவருக்கு 1998லேயே இந்த விருதைக் கொடுத்தாயிற்று என்று எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. விதையை ஆராய்ந்தவர்கள் விஞ்ஞானிகள், விதைத்தவர்கள் விவசாயிகள். இயற்பியலும் சட்டமும் படித்த ஒரு மந்திரி கோப்பில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதானே? அதற்கு இத்தனை பெருமை எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 11.35

கையெழுத்துதான். அதைப் போடாதே என்று அன்றைக்குத் தடுத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் அதன் எடை தெரியும். தூக்கம் வருகிறது, காலையில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை 7.20

முதலில் ஒன்று. நேற்று பாரத ரத்னா அறிவித்த மூன்று பேருமே சி.எஸ்ஸின் வாழ்க்கையில் வந்தவர்கள். சுவாமிநாதன் அவரோடு வேலை செய்த விஞ்ஞானி. சரண் சிங் 1979இல் பிரதமரானபோது அந்த அமைச்சரவையில் சி.எஸ். பாதுகாப்பு அமைச்சர். நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது சி.எஸ். மகாராஷ்டிர ஆளுநர். பிரதமரின் போக்கைப் பற்றி அவர் தனிப்பேச்சில் சொன்ன விமர்சனம் பத்திரிகையில் வந்துவிட்டது. 1993 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 83 ஆகப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானதும் சி.எஸ்ஸுக்கு உணவு, விவசாயத் துறை கிடைத்தது. அதற்கு முன் நேரு அமைச்சரவையில் எஃகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உணவுத் துறை அப்போது யாரும் விரும்பாத இடம். பஞ்சம் வந்தால் பழி, விலை ஏறினால் பழி. அவர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்து விவசாயக் குடும்பம். விளைச்சலுக்கு விலை இல்லாமல் எந்த விவசாயியும் அதிகம் விளைவிக்க மாட்டான் என்பது அவருக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

அவர் முதலில் பிடித்ததும் அதைத்தான். விலையை முன்கூட்டியே உறுதி செய்ய 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் வந்தது. 2020-21இல் டெல்லி எல்லையில் டிராக்டரோடு உட்கார்ந்து விவசாயிகள் கேட்ட குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வேர் அங்கேதான். அதே மாதம் இந்திய உணவுக் கழகம், எஃப்.சி.ஐ. தொடக்கம். 1965 ஜனவரி 14, பொங்கல் நாள். சென்னைக்காரர்களே பலர் மறந்துபோன விஷயம், எஃப்.சி.ஐ.யின் தலைமை அலுவலகம் முதலில் நம் சென்னையில்தான் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். பிறகுதான் தலைமையகம் டெல்லிக்குப் போனது.

அடுத்தது விஞ்ஞானிகள் விவகாரம். நாட்டின் வேளாண் ஆராய்ச்சி அனைத்துக்கும் மேலே இருந்த ஐ.சி.ஏ.ஆருக்கு அதுவரை ஐ.சி.எஸ். அதிகாரிகள்தான் தலைமை. 1965இல் முதன்முறையாக ஒரு விஞ்ஞானியை, கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி.பாலை, தலைமை இயக்குநராக உட்கார வைத்தார்கள். நீங்கள் சொல்லும் அந்த விஞ்ஞானிகளின் பேச்சு எடுபடும்படி நாற்காலியை மாற்றிப் போட்டது இந்த மந்திரிதான்.

பிப்ரவரி 10, மாலை 6.05

விதை பற்றிக் கேட்டிருந்தார்கள். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை. லெர்மா ரோஹோ, சொனோரா 64 என்று இரண்டு ரகம். நம் பழைய கோதுமைக்கு உரம் போட்டால் நெட்டையாக வளர்ந்து, கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. 1965இல் 250 டன் வாங்கிப் பார்த்தார்கள். 1966இல் 18,000 டன். அதுவரை உலகத்தில் எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே மூச்சில் வாங்கியதில்லை என்பார்கள். அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

தடுத்தவர்கள் யார்? அமைச்சரவைக்குள்ளேயே நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. விலையை உயர்த்திக் கொடுப்பதும் உரத்துக்கு டாலர் செலவழிப்பதும் அவருக்குச் சம்மதமில்லை. டி.டி.கே.யும் நம்மூர்க்காரர், இவரும் நம்மூர்க்காரர். இரண்டு சென்னை மாகாணத்துக்காரர்கள் டெல்லியில் கோதுமைக்காக மோதியிருக்கிறார்கள்! திட்டக் கமிஷனில் எதிர்ப்பு. பணக்கார விவசாயிக்கே லாபம் போகும், அமெரிக்காவிடம் நாட்டை அடகு வைக்கிறார் என்று இடதுசாரிகளிடமிருந்து எதிர்ப்பு. புது ரகத்தில் நோய் விழுந்து மொத்தமும் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்ட விஞ்ஞானிகளும் உண்டு. அது போயிருந்தால் சுவாமிநாதன் தலை உருண்டிருக்காது. சி.எஸ். தலைதான் உருண்டிருக்கும்.

டெல்லியில் தான் குடியிருந்த அரசு பங்களாவின் புல்வெளியை உழுது, அந்தக் கோதுமையை விதைத்து வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்த ஒரு விஷயத்தில்தான்.

பிப்ரவரி 10, இரவு 10.15

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். எங்கள் வீடு ராயபுரத்தில். 1966இல் எனக்குப் பத்து வயது. கோதுமைக் கப்பல்கள் வரும் நாட்களில் அப்பா வீடு திரும்ப நேரமாகும். கோதுமை கப்பலின் அடியறையில் குவியலாக வரும். தளத்தில் அதைக் கோணியில் அள்ளி, வாயைத் தைத்து அடுக்குவார்கள். மூட்டை மூட்டையாக எண்ணி எழுதுவது அப்பா வேலை. பென்சிலில் நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். தூங்கும்போதுகூட விரல் அசையும் என்று அம்மா சொல்வார்.

அந்தக் காலத்து பேண்ட்டில் கணுக்காலுக்கு மேலே ஒரு மடிப்பு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலில் நின்று அந்த மடிப்பை உதறுவார். ஒரு பிடி கோதுமை கொட்டும். சிவப்பாக, கொஞ்சம் தூசியோடு. அம்மா அதை முறத்தில் வாங்கிக் குருவிகளுக்குப் போடுவார். ஒருநாள் அப்பா சொன்னார், இதுதான் நம்ம சுப்பிரமணியம் வரவழைக்கிற விதை, இனிமேல் நம் நாட்டிலேயே விளையும் என்று. குருவிக்குப் போட்டது போக மிஞ்சியதைப் பின்பக்கம் மண்ணில் புதைத்தேன். இரண்டு விரல் உயரம் வந்தது. வெயிலில் கருகிப்போனது.

பிப்ரவரி 11, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இரவு படுத்த பிறகு உறைத்தது. அப்பா எண்ணியது விதைக் கோதுமையாக இருந்திருக்க வழியில்லை. அது அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் சாப்பாட்டுக்கு வந்த கோதுமை. 1965-66இல் மழை பொய்த்து, நாட்டின் தானிய விளைச்சல் 8.9 கோடி டன்னிலிருந்து 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. அது முழுக்க ரேஷனுக்கு. அறுபது வருஷமாக இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அப்படிச் சொன்னார், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கோதுமை என்றாலும் சி.எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஜான்சன் அன்றைய அமெரிக்க அதிபர். ஒரு வருஷத்துக்கான கோதுமையை ஒரேயடியாகக் கொடுக்காமல், மாதா மாதம் பார்த்து, கையை இறுக்கிக்கொண்டே அவிழ்த்தார். அடுத்த கப்பல் கிளம்புமா கிளம்பாதா என்று டெல்லியில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 1965 நவம்பரில் ரோம் நகரில் சி.எஸ்ஸும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். விவசாயத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறோம், இப்படி மாறுகிறோம் என்று நாம் வாக்குக் கொடுத்தோம். அதைத்தான் அடகு என்றார்கள். அவர் செய்ய நினைத்ததைத்தான் அவர்களும் கேட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் பசித்தவன் ஒப்பந்தத்தில் எவ்வளவு பேசியிருக்க முடியும் என்ற கேள்வி எனக்குள் இருக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 11, பிற்பகல் 3.30

இன்று என்ன தேதி என்று இப்போதுதான் கவனித்தேன். 1965 பிப்ரவரி 11. இந்தித் திணிப்பை எதிர்த்து தமிழ்நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. சி.எஸ்ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து ராஜினாமா கொடுத்த நாள். சாஸ்திரி அதை ஏற்கச் சொல்லி ராஷ்டிரபதி பவனுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் ராதாகிருஷ்ணன். அவர் ஏற்கவில்லை. அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு கொடுத்த வாக்குறுதி அப்படியே இருக்கும், விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்றார். பிறகு இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள்.

என் அண்ணன் அப்போது கல்லூரியில். ஊர்வலம் போய் முட்டியில் தடியடி வாங்கியவன். திரும்பப் பெற்ற செய்தியைப் படித்துவிட்டு, நாடகம் என்று பேப்பரை வீசினான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ராஜினாமாவை ஏற்கச் சொல்லிப் பிரதமரே எழுதி அனுப்பிய பிறகு, போகப் போவது நிஜப் பதவி. போயிருந்தால், விலைக் கமிஷன் அப்போதுதான் வந்திருந்தது, விதை இன்னும் வரவில்லை. எல்லாம் அந்தரத்தில் நின்றிருக்கும். அந்த நேரத்தில் எழுந்துபோகத் தயாராக இருந்தது பெரிய விஷயம்தான். அண்ணனிடம் இதைச் சொன்னால் இன்னமும் சண்டைக்கு வருவான்.

பிப்ரவரி 11, இரவு 9.00

ஆமாம், காமராஜரை எதிர்த்து நின்றவர்தான். கோவைப் பக்கத்து நண்பர் கேட்டதற்கு.

பிப்ரவரி 12, காலை 8.10

ஒரு வரியில் முடித்தது சரியில்லை, விவரமாகச் சொல்கிறேன். 1954 மார்ச். ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், குலக்கல்வி என்று பெயரெடுத்த திட்டம், அவர் ஆட்சியையே ஆட்டிவிட்டது. ராஜாஜி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு. ராஜாஜி பக்கத்துக்காக நின்றவர் சி.எஸ். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93, சி.எஸ்ஸுக்கு 41.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தோற்றவரையும் முன்மொழிந்தவரையும் காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எந்தத் திட்டத்தை ராஜாஜி பக்கம் நின்று சட்டமன்றத்தில் தாங்கிப் பேசினாரோ, அந்தத் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று மே மாதம் அறிவித்ததும் சி.எஸ்தான், கல்வி அமைச்சராக. இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தோற்றுப்போன பிறகு ஜெயித்தவரின் கீழ் எட்டு வருஷம் நிதியும் கல்வியும் பார்த்து, மதிய உணவுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பணம் தேடிக்கொடுத்தது லேசான காரியமா? கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தியதும் அந்த வருஷங்களில்தான். பெருமை எல்லாம் காமராஜருக்குப் போனது. போக வேண்டியதுதான். ஆனால் ஒரு வரியாவது இவருக்கு மிச்சம் வைக்கலாம்.

பிப்ரவரி 12, இரவு 10.40

கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். முக்கியமான பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. அது 1967.

அந்த இரண்டு வருஷம் சென்னையில் அரிசி கிடைத்த லட்சணத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. செங்கல்பட்டிலிருந்து உறவினர் வந்தால் துணிப் பைக்குள் சேலை, சேலைக்குள் நாலு படி அரிசி. திங்கட்கிழமை இரவு ஹோட்டல்கள் மூடியிருக்கும், ஒருவேளை சாப்பாட்டை விடச் சொல்லி சாஸ்திரி கேட்டதால். ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை, மைலோ. மைலோ என்பது அமெரிக்கச் சோளம். மாட்டுக்குப் போடுவதை நமக்குப் போடுகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு.

அம்மாவுக்குக் கோதுமையை என்ன செய்வது என்றே தெரியாது. ஊறப்போட்டு ஆட்டி தோசை ஊற்றினார். கல்லில் பசை மாதிரி ஒட்டியது. ரவையாக உடைத்து உப்புமா, அது பரவாயில்லை. மாவைக் களியாகக் கிண்டி நெத்திலிக் குழம்போடு கொடுத்தார், அது எனக்குப் பிடித்தது. எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த வடக்கத்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மாளிடம் சப்பாத்தி கற்றுக்கொண்டு வந்தார். பூரிக்கட்டை கிடையாது. அண்ணனின் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் தேய்த்தார். இலங்கை வரைபடம் மாதிரி ஒன்று, ஆப்பிரிக்கா மாதிரி ஒன்று வரும். நானும் தங்கையும் அடித்துப் பிடித்து நாட்டின் பெயர் சொல்லிச் சாப்பிடுவோம். சிரிப்பாக இருந்தது எங்களுக்கு. அம்மா சிரிக்கவில்லை. சோறு போடாமல் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோமே என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

1967 பிப்ரவரியில் தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. அம்மா காலையிலேயே குளித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போய் உதயசூரியனில் குத்திவிட்டு வந்தார். அதற்கு முன் அவர் காங்கிரஸுக்கு மாற்றாகப் போட்டதே இல்லை. அந்தத் தேர்தலில் காமராஜர் விருதுநகரில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். நாட்டுக்கே உணவு அமைச்சரான சி.எஸ்ஸும் தோற்றார். மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்தார்கள். அம்மா வாங்கி வந்து, முதல் உலையை ஏற்றிக் கும்பிட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த 18,000 டன் விதை 1966 குளிர்காலத்தில்தான் வடக்கே பெரிய அளவில் மண்ணில் விழுந்தது. அவர் பதவி போனது 1967 மார்ச். 1967-68இல் மழையும் கைகொடுக்க, தானிய விளைச்சல் 9.5 கோடி டன். கோதுமை மட்டும் 1.65 கோடி டன். அதற்கு முன் உச்சம் 1.23 கோடி. பஞ்சாபில் மூட்டை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களைக் காலி செய்து கொடுத்தார்கள். அப்போது உணவு அமைச்சர் ஜகஜீவன் ராம். 1968 ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சிக்கென்று தபால்தலை வெளியிட்டார். விதைக்கக் கையெழுத்துப் போட்டவர் அறுவடை நாளில் முன்னாள் மந்திரி.

அவர் செய்தது சரி. அம்மா செய்ததும் சரி. பானையில் சோறு இல்லாதபோது அடுத்த வருஷ விளைச்சலுக்கு ஓட்டுப் போட முடியாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு நாற்பது வருஷம் ஆனது.

பிப்ரவரி 13, காலை 9.30

கோதுமையை மட்டும் பார்த்து அரிசியை விட்டுவிட்டாரா என்று கேட்டவருக்கு. இல்லை, அரிசியை அவர் விட்டுவிடவில்லை. நெல்லில் அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 வந்தது, குறுவைக்கு. பிறகு ஐ.ஆர்.8. ஆனால் நெல்லில் பலன் கோதுமை மாதிரிச் சட்டென்று வரவில்லை, பூச்சியும் தொல்லை கொடுத்தது. சென்னைக்காரன் வயிற்றுக்குத் தேவை அரிசி. அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

1966 ஜூன் ரூபாய் மதிப்புக் குறைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாலருக்கு 4.76 ரூபாய் என்று இருந்தது ஒரே நாளில் 7.50. இந்திரா அமைச்சரவையில் அதை ஆதரித்தவர்களில் சி.எஸ்ஸும் ஒருவர். காமராஜருக்கு அது பெரிய கோபம். அந்த விரிசல் 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது முழுப் பிளவாகி, காமராஜர் ஒரு பக்கமும் சி.எஸ். இந்திரா பக்கமும் போனார்கள்.

பிப்ரவரி 14, இரவு 8.20

அவசரநிலையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு. நியாயமான கேள்வி. தவிர்க்கவில்லை, மனசு வரவில்லை.

1974 அக்டோபரிலிருந்து 1977 வரை அவர் நிதியமைச்சர். விலைவாசியை இறக்கினார். கிராமப்புற ஏழைகளுக்கென்று வட்டார கிராமிய வங்கிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது அவர் காலத்தில். இதெல்லாம் வரவு. ஆனால் 1975 ஜூனில் தலைவர்களைச் சிறையில் போட்டபோது, பத்திரிகைகளின் வாயைக் கட்டியபோது, அதே அமைச்சரவையில் இவர் இருந்தார். 1942இல் வெள்ளைக்காரன் சிறையில் இருந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து நமக்கு அரசமைப்புச் சட்டம் எழுதியவர்களில் ஒருவர். மொழிக்காக 1965இல் எழுந்தவர் 1975இல் எழவில்லை. அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் மரியாதையை வைத்துத்தான் சொல்கிறேன். சும்மா ஒரு மந்திரியாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.

பிப்ரவரி 14, இரவு 8.55

பிறகு அவர் இந்திராவோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் காங்கிரஸ் மறுபடி உடைந்தபோது வேறு பக்கம் போனார். அப்படித்தான் சரண் சிங் அமைச்சரவைக்கு வந்தார். இது அதற்கு ஈடாகாது. ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 17, காலை 7.45

இரண்டு நாள் எழுதவில்லை, கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். அதற்குள் மேலே பெரிய சண்டை நடந்திருக்கிறது. பஞ்சாப் நிலத்தடி நீர் வற்றியது, உரமும் பூச்சிமருந்தும் மண்ணைக் கெடுத்தது, எல்லாம் பசுமைப் புரட்சியால், எனவே சி.எஸ். குற்றவாளி என்று ஒரு தரப்பு.

நீர் வற்றியது நிஜம். மண் கெட்டது நிஜம். கோதுமைக்கும் நெல்லுக்கும் மட்டும் விலையை உறுதி செய்து, கம்பையும் கேழ்வரகையும் தெருவில் விட்டதும் நிஜம். ஆனால் 1966இல் கப்பலை எண்ணிக்கொண்டிருந்த நாடு அன்றைக்கு வேறு என்ன செய்திருக்கும் என்று கேட்டால் பதில் சொல்பவர் யாரும் இல்லை. விதையும் உரமும் கொண்டுவந்தது முதல் படி. பிறகு வந்த ஐம்பது வருஷம் அடுத்த படியில் காலை வைக்காமல் அதே படியில் நின்றோம். அந்தப் பழியை 1967இல் வீட்டுக்குப் போனவர் தலையில் இறக்குவது ஞாயமில்லை.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். விளைச்சல் கூடினால் எல்லாருக்கும் வயிறு நிறையும் என்று அப்போது நம்பினார்கள். தஞ்சாவூரில் புது நெல்லால் மகசூல் ஏறியபோது, அறுத்தவர்கள் கூலியில் கொஞ்சம் அதிக நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விதை டெல்லியிலிருந்து வரலாம். விளைந்ததை யார் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. இடதுசாரிகள் அன்று எச்சரித்ததில் இந்தப் பாதி சரி. முதலில் எழுதியபோது அவர்களைத் தடுத்தவர்கள் பட்டியலில் தூக்கிப் போட்டுவிட்டேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17, பகல் 12.10

தரமணிக்குப் போயிருக்கிறீர்களா? சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான். சி.எஸ். கடைசிக் காலத்தில் தொடங்கிய நேஷனல் அக்ரோ ஃபவுண்டேஷனும் அதே தரமணியில். தொண்ணூறு வயதில் ஒருவர் சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நிறுவனம் ஆரம்பிக்கிறார். முதல் படியோடு வேலை முடிந்துவிட்டது என்று அவரே நினைக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 18, இரவு 9.25

2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார். மறுநாள் பேப்பரை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, எங்க கோதுமைக்காரர் போய்ட்டார் என்றார். அவ்வளவுதான். சேரின் கைப்பிடியில் விரல் மட்டும் அசைந்தது. நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே.

பிப்ரவரி 21, மாலை 5.15

கேள்வி கேட்ட நண்பர், கையெழுத்து என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். திரும்பப் பெற வேண்டாம். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டேன்.

அண்ணனுக்கு போன் போட்டேன். 1965 ராஜினாமா நாடகம் இல்லை என்று நான் எழுதியதை மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். வழக்கம்போல் அரைமணி நேரம் சத்தம் போட்டான். வைக்கும் முன், சின்ன வயதிலிருந்து அவன் சேர்த்த தபால்தலை ஆல்பம் இன்னும் பரண் மேல் இருக்கிறது, கோதுமைப் புரட்சி தபால்தலை அதில் இருக்கிறது என்றான். இருபது பைசா தலை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறான். அன்றைக்குச் சப்பாத்தி போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இப்போது பூரிக்கட்டை இருக்கிறது.